கொரியப் பிள்ளைகளின் சனிக்கிழமைப் பள்ளி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அடுத்த தாழ்வாரத்தில் கொரியப் பள்ளி. பதினோரு வருடப் பழக்கத்தில் பார்த்தது, கேட்டறிந்தது எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து: டீச்சர், ஹங்குல் ஹாக்யோ, ஹன்குக் ஹாக்யோ இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஹங்குல் ஹாக்யோ என்பது வார இறுதி மொழிப் பள்ளி. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஹன்குக் ஹாக்யோ முழுநேரப் பள்ளி. கொரிய அரசின் பாடத்திட்டம், பல இடங்களில் அங்கே போலவே மார்ச்சில் கல்வியாண்டு. டோக்கியோவில் இருப்பது 1954இல் தொடங்கியது. ஹனோய், ஹோ சி மின் நகரிலும் உண்டு. ஊர் திரும்பப் போகிற குடும்பத்துக்கு இது, குடியேறிவிட்ட குடும்பத்துக்கு அது.

சென்னை ஓ.எம்.ஆரிலிருந்து: என் மகளின் கொரியத் தோழிக்கு அப்பா கார் கம்பெனியில் வேலை. ஆனால் சர்வதேசப் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறாள். ஊரில் கல்லூரிக்கு என்ன செய்வாள்?

வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் கொரியப் பல்கலைக்கழகங்களில் தனிச் சேர்க்கை உண்டு. பெற்றோரின் வேலைக்காகப் போய் மூன்று வருடமாவது வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடம் உயர்நிலைப் பள்ளியில். பெற்றோரும் உடன் தங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமும் வெளியிலேயே படித்தவர்களுக்கு வேறு வழி. நடுவில் எட்டாம் வகுப்பில் திரும்புகிற பிள்ளை பாடுதான் கஷ்டம்: கொரிய மொழிப் பாடமும் கணக்கும் கழுத்தைப் பிடிக்கும்.

எடிசனிலிருந்து: அவர்களிடம் நாம் கற்க வேண்டியது எது, அக்கா?

ஒரு காட்சி சொல்கிறேன். ஆறு வயதுப் பையன், வயதான ஆசிரியையிடம் "பாப் மொகொஸ்ஸோ?" என்று அன்பாகத்தான் கேட்டான். நம் "சாப்பிட்டியா?"தான் அது. அவர் திட்டவில்லை. குனிந்து அவன் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, "ஜின்ஜி துஷ்யொஸ்ஸொயோ?" என்று மெதுவாகச் சொன்னார். அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் "ம், சாப்பிட்டேன்" என்று பதில். மரியாதையாகக் கேட்கும்போது அங்கே விகுதி மட்டுமல்ல, சோற்றுக்கும் உண்பதற்கும் சொல்லே மாறிவிடும்.

அம்மா பிள்ளையிடம் பேசும் பேச்சு மட்டுமே காதில் விழுந்தால் பிள்ளைக்கு அது மட்டும்தான் வரும். நம் பிள்ளைகள் தாத்தாவை "நீ வா" என்பதும் இப்படித்தான். நாம் ணகர, நகர, னகரத்தில் பாதி வருடத்தைக் கழிக்கிறோம். அவர்கள் பெரியவர்களை வகுப்புக்கே அழைத்து வந்து பேச விடுகிறார்கள். எனக்கு அந்த வழிதான் சரியென்று படுகிறது. இரண்டு வருடமாக நாங்களும் மாதம் ஒருமுறை தாத்தா பாட்டிகளை வரவழைக்கிறோம்.

ஃப்ரீமான்டிலிருந்து: பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய பிள்ளைகள் நிற்கிறார்களா?

கொரிய அரசு பாடநூலும் உதவித்தொகையும் தருகிறது. 1997 முதல் வெளிநாட்டுக் கொரியர்களுக்கென ஓர் அறக்கட்டளை இருந்தது. 2023 ஜூனிலிருந்து தனி அரசு முகமையே வந்துவிட்டது. ஆனாலும் வாடகைக்குப் பெற்றோரின் கட்டணம்தான்.

பெரிய பிள்ளைகளைப் பிடித்து வைத்தது, 1997இல் எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் பாடத் தேர்வுகளில் கொரியமும் சேர்ந்தது. 2021இல் பாடத் தேர்வுகளையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து அறையில் மேல்வகுப்பு மெலிந்ததைக் கண்ணால் பார்த்தேன். இப்போது இருமொழி முத்திரையை நம்பியிருக்கிறார்கள். இரண்டு மொழியில் தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பள்ளி இறுதியில் கிடைக்கும் அங்கீகாரம். கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கியது அது. தமிழுக்கும் பெறலாம், உங்கள் பள்ளி மாவட்டத்தில் கேளுங்கள்.

டொரண்டோவிலிருந்து: வீட்டில் தமிழ் பேசுகிறோம். அது போதாதா?

போதாது என்றே சொல்வேன். 1937இல் ஸ்டாலின் ஆட்சி சோவியத் நாட்டின் தூரக் கிழக்கிலிருந்த கொரியர்களைக் கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ரயிலேற்றி அனுப்பியது. ஏறத்தாழ 1,70,000 பேர். மறு வருடமே அவர்களுடைய பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை, கொரியோமார் என்ற தங்கள் வழக்கைத்தான் பேசினார்கள். பத்திரிகைகூட நிற்கவில்லை, 1923இல் தொடங்கியது, பெயர்கள் மாறி இன்று 'கொர்யோ இல்போ'வாக அல்மாட்டியிலிருந்து வருகிறது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்குக் கொரிய எழுத்து தெரியவில்லை. அந்தப் பத்திரிகையின் பெரும்பகுதி இப்போது ரஷ்ய மொழியில்.