உறைமேல் உள்ள முகவரியை மறைப்பது எப்படி?

கேள்வி: மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்து அனுப்பும் வசதி இருக்கும்போது, அனுப்புபவரின் அடையாளத்தை மறைப்பதற்கென்று தனித் தொழில்நுட்பம் எதற்கு? அதை முதலில் சிந்தித்தவர் யார்?

பதில்: குறியாக்கம் கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைக்கும், ஆனால், யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது உறைமேல் எழுதிய முகவரியைப் போல வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஒருவர் ஒரே வாரத்தில் புற்றுநோய் மருத்துவர் ஒருவருக்குப் பலமுறை எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

இணையம் பொதுமக்களை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஆபத்தை உணர்ந்து வழியும் சொன்னவர், அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் சௌம். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், 1981இல் வெளியிட்ட கட்டுரையில் 'மிக்ஸ்' எனப்படும் இடைநிலைக் கணினிகளை முன்மொழிந்தார். கடிதத்தை உறைக்குள் உறையாகப் பல அடுக்குகளில் பூட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மிக்ஸும் தனக்குரிய ஓர் உறையை மட்டும் பிரித்து, வேறு பலருடைய கடிதங்களும் சேரும்வரை காத்திருந்து, வரிசையைக் கலைத்து அடுத்ததற்கு அனுப்பும். வழியிலுள்ள கணினிகளில் ஒன்றே ஒன்று நேர்மையாக நடந்துகொண்டாலும், உள்ளே வந்த கடிதத்தையும் வெளியே சென்ற கடிதத்தையும் இணைத்துப் பார்க்க முடியாது. யாரையும் முழுமையாக நம்பத் தேவையில்லாத இந்த அமைப்பையே அவருடைய ஆகச் சிறந்த பங்களிப்பாக நான் கருதுகிறேன்.

பின்னர் ஆம்ஸ்டர்டாமில் அவர் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம், செலவழிப்பவர் யாரென்று வங்கிக்கே தெரியாத மின்பணத்தை உருவாக்கியது. 1998இல் அது திவாலானது.

கேள்வி: அப்படியானால், இணையத்தில் உலவுபவரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பும் அவர் உருவாக்கியதுதானா?

பதில்: இல்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பால் சைவர்சன், டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட் ஆகியோர் 1990களின் நடுவில் உருவாக்கிய 'ஆனியன் ரௌட்டிங்' முறையிலிருந்து பிறந்தது டோர். ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோரும் சைவர்சனுடன் சேர்ந்து அதை வடிவமைத்தனர். 2002இல் அது இயங்கத் தொடங்கியது. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பூட்டி, வழக்கமாக மூன்று கணினிகள் வழியே தரவை அனுப்பும் உத்தி சௌமின் சிந்தனையைச் சார்ந்ததே. ஆனால், காத்திருந்து வரிசையைக் கலைக்கும் பகுதியை டோர் கைவிட்டது. இணையப் பக்கத்தைத் திறக்க முயல்பவர் மணிக்கணக்கில் காத்திருக்க மாட்டார் அல்லவா? அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு: புறப்படும் முனையையும் சேரும் முனையையும் ஒருசேரக் கண்காணிக்க வல்லவர், தரவு செல்லும் நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டுப் பயனரை அடையாளம் கண்டுவிட முடியும்.