பதின்மூன்று தலை, ஏழு பூ – கடிதம்

அன்புள்ள சார்,

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும். எல்லாம் ஸ்டேட் போர்டு, பெரும்பாலும் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவில் கடைசி இரண்டு பாடம் நிகழ்தகவும் புள்ளியியலும். மார்க் வாங்கச் சுலபம் என்று வேகமாக ஓட்டிவிடுவதுதான் வழக்கம். இந்த முறை ஒரு பையன் காசை இருபது தடவை சுண்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், 13 தலை, 7 பூ. புக்கு தப்பு” என்றான். “இன்னும் நிறையப் போடு, சரியாகிவிடும்” என்றேன். “அப்போ இனிமே பூதான் அதிகமா விழும், இல்லையா? எங்க மாமாவும் மட்கா சூதாட்டத்துல ரொம்ப நாளா வராத நம்பரைத்தான் கட்டுவாரு” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவனுக்கு என்ன சொல்வது? அப்புறம், சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் வெறும் சூத்திரமாக இல்லாமல் எப்படி நடத்துவது?

எஸ்., தாராவி

அன்புள்ள எஸ்.,

அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். புத்தகத்தில் இருப்பதைக் கையில் இருக்கும் காசோடு வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மற்றவர்கள் 1/2 என்று எழுதி, கோடு போட்டு, அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள்.

முதலில் அந்த 13 அப்படி ஒன்றும் அதிசயமில்லை. இருபது தடவை சுண்டினால் தலையும் பூவுமாக விழக்கூடிய வரிசைகள் மொத்தம் 10,48,576. அதில் சரியாகப் பத்துத் தலை வருபவை 1,84,756. நூற்றுக்குப் பதினெட்டு கூட இல்லை. முப்பது பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு காசு கொடுத்து இருபது தடவை சுண்டச் சொன்னால், ஐந்தாறு பேருக்குத்தான் பத்துக்குப் பத்து வரும். 13 அல்லது அதற்கு மேலோ, 7 அல்லது அதற்குக் கீழோ தலை விழுந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இதை வாயால் சொல்லாதீர்கள், செய்ய விடுங்கள். கரும்பலகையில் 0 முதல் 20 வரை கீழே எண்களை எழுதி, ஒவ்வொருவரும் வந்து தனக்கு வந்த எண்ணுக்கு மேல் ஒரு கட்டம் வரையட்டும். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. தன்னுடைய 13 அந்தச் சரிவில் எங்கே நிற்கிறது என்று பையனே பார்த்துக்கொள்வான். பாடத்தில் வரும் நிகழ்வெண் அட்டவணையும் (எந்த எண் எத்தனை தடவை வந்தது என்ற பட்டியல்) பட்டை வரைபடமும் அந்த அரை மணி நேரத்தில் தானாக முடிந்திருக்கும். இரண்டு பாடங்களாகப் பிரித்து அச்சடித்திருப்பதால் நாமும் பிரித்தே நடத்துகிறோம். நிகழ்தகவில் ஊகிப்பதைச் சரிபார்க்கப் புள்ளியியலில்தான் வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே வாரத்தில் கலந்து நடத்துவேன்.

இனி அவனுடைய இரண்டாவது கேள்வி. அது முதல் கேள்வியை விடக் கூர்மையானது. ‘சரியாகிவிடும்’ என்று நீங்கள் சொன்னதை, காசு தன் கடனை அடைத்துவிடும் என்று அவன் எடுத்துக்கொண்டான். நிறையப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், படித்தவர்கள் உட்பட. காசுக்கு ஞாபகம் கிடையாது. அடுத்த தடவையும் பாதிக்குப் பாதிதான், அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். பிறகு எப்படி விகிதம் பாதிக்கு வந்து சேர்கிறது? குழம்பில் உப்பு கூடிப்போனால் யாரும் உப்பைப் பொறுக்கி எடுப்பதில்லை, தண்ணீரை ஊற்றுகிறோம். அவ்வளவுதான். கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். இருபதில் 13, அதாவது 65 சதவீதம். இன்னும் 980 தடவை சுண்டுகிறான், அதில் சரிபாதி 490 தலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஆயிரத்தில் 503. விகிதம் 50.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஆரம்பத்தில் கூடுதலாக விழுந்த மூன்று தலை அப்படியே இருக்கிறது. யாரும் திருப்பித் தரவில்லை.

நிஜத்தில் அந்தக் கூடுதல் வளரவும் செய்யும். ஜான் கெரிச் என்று ஒரு கணித ஆசிரியர், தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்குக்குள் நுழைந்தபோது அங்கே மாட்டிக்கொண்டு முகாமில் அடைபட்டார். சும்மா இருக்க முடியாமல் 10,000 தடவை காசு சுண்டிக் குறித்து வைத்தார். முதல் நூறில் 44 தலை. ஆயிரத்தில் 502. பத்தாயிரத்தில் 5,067. நூறில் ஆறு குறைந்தது, பத்தாயிரத்தில் 67 கூடியிருக்கிறது, ஆனால் விகிதம் 44 சதவீதத்திலிருந்து 50.67-க்கு வந்துவிட்டது. இந்த மூன்று வரியைப் பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு விளையாட்டு இருக்கிறது. பாதிப் பேர் நிஜமாகவே நூறு தடவை சுண்டி எழுதட்டும். மீதிப் பேர் காசைத் தொடாமல் மனசுக்குத் தோன்றியபடி நூறு தலை, பூ எழுதட்டும். யார் எது செய்தார்கள் என்று தெரியாமல் தாள்களை நீங்கள் வாங்குங்கள். ஆறு தலையோ ஆறு பூவோ தொடர்ந்து வருகிறதா என்று தேடுங்கள். நிஜக் காசில் ஐந்துக்கு நான்கு தாளில் அது இருக்கும். மனசிலிருந்து எழுதியவர்கள் மூன்று நான்கு ஒன்றாக வந்ததுமே பயந்துபோய் மாற்றிவிடுவார்கள். ஒன்றிரண்டு தப்பினாலும் பெரும்பாலான தாள்களைச் சரியாகப் பிரித்துவிடலாம். உங்களுக்கு மந்திரவாதி என்று பெயர் கிடைத்தால் நான் பொறுப்பல்ல.

மாமா விஷயம். சூதாட்டம் கெடுதல் என்று உபதேசம் பண்ணாதீர்கள், பையன் மாமாவை விட்டுக்கொடுக்க மாட்டான். கணக்கை மட்டும் கொடுங்கள். மட்கா நம் ஊர்ச் சரக்கு. நியூயார்க் பஞ்சுச் சந்தையிலிருந்து வரும் விலை எண்களின் மேல் பந்தயம் கட்டியதில் தொடங்கி, அறுபதுகளில் பானைக்குள் சீட்டுப் போட்டு எடுப்பதாக மாறியது. நேர்மையாகத்தான் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (இதற்கே கொஞ்சம் பெரிய மனசு வேண்டும்). நேற்று எந்த எண் வந்தது என்பது சீட்டுக்கும் தெரியாது. பத்து எண்ணில் ஒன்றின் மேல் ஒரு ரூபாய் கட்டி, வந்தால் ஒன்பது ரூபாய் கிடைக்கும் என்று ஒரு கணக்கு போடச் சொல்லுங்கள். ஆயிரம் தடவை கட்டினால் ஆயிரம் ரூபாய் போகும், ஏறத்தாழ நூறு தடவை ஜெயித்து 900 ரூபாய் வரும். ரொம்ப நாளாக வராத எண்ணைக் கட்டினாலும் இதே கதைதான், நேற்று வந்த எண்ணைக் கட்டினாலும் இதே கதைதான். மாமாவிடம் போய்ச் சொல்வதா வேண்டாமா என்பது பையனின் இஷ்டம்.

சராசரிக்கும் இடைநிலைக்கும் மும்பையை விட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நாள் கொலாபாவில் 73. ஒரே ஊர், ஸ்லோ வண்டியில் ஏறினால் முக்கால் மணியில் சாந்தாகுரூஸிலிருந்து கொலாபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்ச்கேட். இரண்டின் சராசரி ஐந்நூற்றுச் சொச்சம். இரண்டு நிலையத்திலும் பெய்யாத மழை அது.

அந்த 944-ஐ ஒரு வாரத்துக்குள் வைத்துப் பாருங்கள். மற்ற ஆறு நாளுக்கு நாமே எண் போட்டுக்கொள்வோம்: 0, 5, 8, 12, 20, 35. ஏழு நாள் கூட்டினால் 1,024, சராசரி 146. ஏழில் ஆறு நாள் 35-ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் சராசரி 146. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை, அதாவது இடைநிலையை, எடுத்தால் 12. வழக்கமான ஒரு நாள் எப்படி இருந்தது என்று கேட்டால் 12-தான் யோக்கியமான பதில்.

ஆனால் இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் ‘பெரிய எண் வந்தால் இடைநிலையை எடு’ என்று விதி எழுதிப்போட்டுவிடுகிறார்கள். மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த விதி எரிச்சலைத்தான் தரும். அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது இடைநிலை நாளில் அல்ல. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்கிட்டுக் கட்டியவை. 944-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 39. அதிலும் பெரும்பகுதி மதியத்துக்கு மேல் சில மணி நேரத்தில் கொட்டியது, ஆக அந்த 39-ம் உண்மையைக் குறைத்துத்தான் சொல்கிறது. வடிகால் கட்டுகிறவருக்கு வேண்டியது மிகப் பெரிய எண். எந்த அளவு வேண்டும் என்பது யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முகடு என்பது அதிகத் தடவை வரும் எண், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. செருப்புக் கடைக்காரர் எந்த சைஸ் நிறைய வாங்கி வைப்பார் என்று கேளுங்கள், போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்த வாரம் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். இரண்டு காசைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்றே விதம்தானே, அப்படியென்றால் ஒவ்வொன்றும் 1/3 இல்லையா என்பார்கள். தப்பு என்று உடனே அடித்துவிட வேண்டாம். தலாம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித மேதையே 1754-ல் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்றார். சரியான விடை 3/4. நூறு தடவை இரண்டு காசையும் சேர்த்துச் சுண்டி எண்ணச் சொல்லுங்கள். கலந்து விழுந்தவை ஐம்பதை ஒட்டி வரும், முப்பத்துமூன்றை ஒட்டி அல்ல. ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயுமாகக் கொடுங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் காசாக இருந்தால், தலை–பூவும் பூ–தலையும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.