ஜும்ப்ளாட் வீட்டுக் கட்சி

அன்புள்ள ஐயா,

லெபனான் செய்திகளில் முற்போக்கு சோஷலிஸ்ட் கட்சி என்று ஒன்று அடிக்கடி வருகிறது. பெயரைப் பார்த்து இடதுசாரிகள் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே ஜமீன் குடும்பம். துரூஸ் என்ற சிறுபான்மை மதச் சமூகத்தின் கட்சி என்கிறார்கள். அந்த சோஷலிசம் வெறும் பெயர்ப்பலகைதானா?

கே.,
திருநெல்வேலி

அன்புள்ள கே.,

இன்றைக்குப் பெயர்ப்பலகைதான். 1949இல் அப்படி இல்லை. கமால் ஜும்ப்ளாட் கட்சியைத் தொடங்கியபோது கூட நின்றவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. அப்துல்லா அல் அலாய்லி என்ற சுன்னி மார்க்க அறிஞரும் உண்டு. கமால், லெபனானின் ஷூஃப் மலையில் முக்தாரா அரண்மனையின் வாரிசு. தன் நிலத்தில் ஒரு பகுதியைக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நமக்குச் சுவாரசியமான இன்னொன்று, அவர் வேதாந்தி. திருவனந்தபுரத்து ஆத்மானந்த கிருஷ்ண மேனனைக் குருவாக ஏற்றவர். அப்புறம் 1972இல் சோவியத்தின் லெனின் அமைதிப் பரிசும் வாங்கினார்!

சரி, கட்சி எங்கே திரும்பியது? 1943இல் ஏற்பட்ட எழுதப்படாத உடன்பாட்டின்படி அங்கே அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. மக்கள்தொகையில் ஐந்து சதவீதம் அளவுக்கே உள்ள துரூஸ்களுக்கு இந்த மூன்றில் எதுவும் கிடையாது. கமால் எவ்வளவு பெரிய தலைவரானாலும் அதிபராக முடியாது. மதவாரிப் பங்கீடு ஒழிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அது ஒழிந்தால்தான் அவருக்கும் வழி. இதைப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். கொள்கையும் சொந்த நலனும் ஒரே பக்கம் நின்றன, அவ்வளவுதான்.

1975இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது இடதுசாரிகள் திரண்ட தேசிய இயக்கத்துக்கு அவர்தான் தலைவர். மதவாரி அரசியலை ஒழிப்பதே அவர்கள் வைத்த முதன்மைக் கோரிக்கை. மறு ஆண்டு அவர் பக்கம் கை ஓங்கிய நேரத்தில், சிரியா கிறிஸ்தவத் தரப்பைக் காக்கத் தன் படையை இறக்கியது. 1977 மார்ச் 16 அன்று ஷூஃப் மலைச்சாலையில் கமாலைக் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். செய்தது சிரியா என்றே பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் பழி தீர்க்கக் கொல்லப்பட்டவர்கள், சம்பந்தமே இல்லாத அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ கிராமத்தார். மதம் கடந்த கட்சி அந்த நாட்களிலேயே செத்துவிட்டது என்பேன்.

மகன் வலீத், அப்பாவைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அதே சிரியாவோடு கைகோர்த்தார். முந்தைய ஆண்டு லெபனானுக்குள் புகுந்திருந்த இஸ்ரேலியப் படை 1983இல் ஷூஃபிலிருந்து விலகியதும், கிறிஸ்தவ ஆயுதக் குழுக்களோடு மூண்ட மலைப் போரில் அவருடைய ஆட்கள் ஜெயித்தார்கள். மலையிலிருந்த கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். மரோனைட் தலைமைக் குரு ஸ்ஃபைர் முக்தாராவுக்கு வந்து சமரசம் பேச 2001 ஆனது. 2005இல் வலீத் சிரியாவுக்கு எதிராகத் திரும்பினார், பிறகு இறங்கிவந்தார். பச்சோந்தி என்று திட்டுவார்கள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபமில்லை. சின்னச் சமூகத்தைக் கட்டிக் காப்பதே வேலை என்றான பிறகு வேறெப்படி இருக்க முடியும்? ஆனால் அந்த வேலைக்கு சோஷலிசம் தேவையில்லை, வாரிசு போதும். 2023இல் மகன் தைமூர் தலைவரானார்.

நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் துரூஸ்களுக்கு 8. 2022 தேர்தலில் அவற்றில் 6 இவர்களுக்கு. மற்ற இரண்டையும் பிடித்தவர்கள், ஆளும் தலைவர்களுக்கு எதிரான 2019 மக்கள் போராட்டத்திலிருந்து வந்த புதுமுகங்கள்.