உச்சிவெயில் பேய்

அன்புள்ள ஐயா,

ஞானோபதேச வகுப்பில் ஏழு தலையான பாவங்களை ஒப்பிக்கும்போது சோம்பலையும் சொல்வோம். அதன் மூலச்சொல் 'அகேடியா' என்று அண்மையில் படித்தேன். ஆனால் அதற்குச் சோர்வு, துக்கம் என்றெல்லாம் பொருள் போட்டிருக்கிறது. சோம்பலும் துக்கமும் எப்படி ஒரே சொல்லாகும்? தமிழில் என்ன சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிரேக்கத்தில் 'கேடோஸ்' என்றால் அக்கறை. இறந்தவருக்காகப் படும் துக்கமும் அதுதான். முன்னால் நிற்பது நம் 'அநீதி'யில் உள்ள அதே 'அ'. ஹோமரின் இலியத் காவியத்தில், போரில் கொல்லப்பட்ட ஹெக்டரின் உடல் எடுத்துப்போட ஆளின்றிக் கிடப்பதை அவன் தந்தை 'அகேடேஸ்' என்கிறான். இந்த 'நாதியற்ற' தன்மை பிறகு மனத்துக்கு வந்து சேர்ந்தது.

சேர்த்தவர்கள் எகிப்தியப் பாலைவனத் துறவிகள். நான்காம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த எவாக்ரியுஸ் இதை உச்சிப்பொழுதின் பேய் என்றார். சங்கீதம் 91இல் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' என்று படித்திருப்பீர்கள். அந்த இடத்தைக் கிரேக்க மொழிபெயர்ப்பு பேய் என்றே ஆக்கியிருந்தது. (உச்சி உருமத்தில் தனியே போகாதே என்று என் பாட்டியும் சொல்வாள்.) எவாக்ரியுஸ் காட்டும் காட்சி இது: பகல் ஐம்பது மணிநேரம்போல நீள்கிறது. துறவி வெளியே வந்து சூரியனைப் பார்க்கிறான், சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று. இந்த இடம் பிடிக்கவில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறெங்காவது போனால் தேவலை என்று தோன்றுகிறது. நோயாளியைப் பார்க்கப் போவதுகூடத் திடீரென்று புண்ணியமாகப் படுகிறது.

இதில் சோம்பல் எங்கே? இவன் படுத்துக் கிடக்கவில்லை, கால் தரிக்காமல் தவிக்கிறான். எவாக்ரியுஸ் சொன்ன மருந்தும் எழுந்து உழை என்பதல்ல. அறையை விட்டுப் போகாதே என்பதுதான்.

அந்தத் துறவிகளிடம் பயின்ற காசியன் இதை லத்தீனுக்குக் கொண்டுபோனார். 590இல் போப்பான கிரகோரி தம் பாவப் பட்டியலில் இந்தச் சொல்லை விட்டுவிட்டுத் துக்கத்தை வைத்தார். உங்கள் புத்தகத்தின் 'துக்கம்' அந்த வழியில் வந்தது. அகேடியா பின்னர் திரும்பி வந்தாலும், கடமையில் சுணங்குவது என்ற அர்த்தம்தான் பாமர மக்களிடம் நிலைத்தது. நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சோம்பல்.

தமிழில் வள்ளுவரின் 'மடி' எனக்குப் போதவில்லை, அது அசல் சோம்பல். 'மனச்சோர்வு' இன்று மருத்துவரின் சொல்லாகிவிட்டது. 'சலிப்பு' கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அதில் தவிப்பு இல்லை. வீட்டில் சொல்வோமே, 'இருப்புக் கொள்ளல' என்று. நான் அதைத்தான் எடுப்பேன்.