கையை விடுங்க தம்பி, முதல்ல சீட்டைப் பாருங்க

தம்பி, உங்க கேள்வியை இப்படி எடுத்துக்கிட்டேன்: காரைக்குடிப் பக்கத்துப் புதுவயல்லேருந்து அமெரிக்காவுல சான் ஹோசே வந்து மூணு மாசம், வேலைக்குப் போக வர தினம் ரெண்டு மணி நேரம் கார். வலது தோள்பட்டை இறுகிப்போகுது, விரல் மரக்குது, ஸ்டீயரிங்ல கையை எங்கதான் வைக்கிறதுன்னு கேக்குறீங்க. கூடவே எந்த ஏரியால வீடு, எந்த பேங்க், இன்ஷூரன்ஸ் எவ்வளவு, இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு ஒரு பட்டியல். வீட்டுக்கும் பேங்குக்கும் யோசனை சொல்ல இங்க நூறு பேர் வரிசையில நிக்கிறாங்க. இட்லி அரிசி எந்த இந்தியன் கடையிலயும் மூட்டையா இருக்கு. கையைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க, அதனால அதை மட்டும் எழுதுறேன்.

கை வலிக்குதுன்னா தப்பு பெரும்பாலும் கையில இல்ல, சீட்டுல. ஊர்ல கிளட்ச் இருந்தது. அதைத் தரை வரைக்கும் மிதிக்கணும்னா சீட்டை முன்னால இழுத்தே ஆகணும். அந்தச் சாக்குல ஸ்டீயரிங்கும் தானா கைக்கு எட்டுற தூரத்துக்கு வந்துடும். இங்க ஆட்டோமேட்டிக், இடது காலுக்கு வேலையே கிடையாது. காலை நீட்டிக்கலாம்னு சீட்டைப் பின்னால தள்ளி, சாய்மானத்தையும் ஈசிச்சேர் மாதிரி சாய்ச்சுடுறாங்க. கால் சுகமாத்தான் இருக்கும். கை ரெண்டும் முழங்கை மடங்காம நீண்டு கிடக்கும், முதுகு சீட்டை விட்டு முன்னால வரும். நீட்டின கையோட பாரத்தை ஒரு மணி நேரம் தூக்கிப் பிடிக்கிறது தோளும் கழுத்தும்தான். இறுகாம என்ன செய்யும்?

வண்டி நிக்கும்போதே சரி பண்ணிக்கோங்க. பின்பாக்கெட்டுல இருக்கிற பர்ஸை முதல்ல எடுத்து வெளியில வைங்க. அது ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, தோள் வரைக்கும் கோணலாக்கும். இடுப்பு சீட்டோட மூலையில இடிக்கிற அளவுக்குப் பின்னால தள்ளி உக்காருங்க. இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து போகாத உயரத்துக்குச் சீட்டை ஏத்துங்க, தலைக்கு மேல நாலு விரல் இடம் மிச்சம் இருக்கட்டும். பிரேக்கை அடி வரைக்கும் அழுத்திப் பாருங்க. அப்பவும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும். இடது காலுக்கு ஓரத்துல ஒரு சாய்வான மேடை இருக்கும், அது அங்கதான் கிடக்கணும். சாய்மானம் நிமிர்ந்த நிலையிலிருந்து லேசாச் சாய்ஞ்சா போதும், உக்கார்ற பலகைக்கும் சாய்மானத்துக்கும் நடுவுல 100லேருந்து 110 டிகிரி.

இப்ப சோதனை. தோள் ரெண்டும் சாய்மானத்தைத் தொட்டுக்கிட்டு இருக்க, ஒரு கையை நேரா நீட்டி ஸ்டீயரிங் உச்சியில போடுங்க. மணிக்கட்டு வளையத்து மேல விழணும். உள்ளங்கை விழுந்தா தூரம் அதிகம், முன்னங்கை விழுந்தா ரொம்ப நெருக்கம். எட்டலைன்னா சீட்டை இன்னும் முன்னால இழுக்காதீங்க, ஸ்டீயரிங்கை இழுங்க. தண்டுக்கு அடியில ஒரு லீவர் இருக்கும். அதை விடுவிச்சா மேலே கீழே நகரும், நிறைய வண்டியில முன்னாலயும் பின்னாலயும் வரும். இந்த ரெண்டாவது அசைவு இருக்குன்னே தெரியாம வருஷக்கணக்கா ஓட்டுறவங்க ஏராளம். சரி பண்ணினதும் லீவரைத் திரும்ப அழுத்திப் பூட்டுங்க. ஓடுற வண்டியில அதைத் தொடவே கூடாது. பழைய வண்டியில முன்பின் அசைவு இல்லைன்னா சாய்மானத்தை ஒவ்வொரு படியா நிமிர்த்தித்தான் தூரத்தைக் குறைக்க முடியும்.

ஒரு எல்லை இருக்கு. ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் உங்க நெஞ்செலும்புக்கும் 10 அங்குலம், அதாவது 25 செ.மீ., இடைவெளி குறையக் கூடாது. ஒரு அடி ஸ்கேலை வச்சு அளந்தே பாருங்க. நடுப்பகுதி முகத்தைப் பாக்காம நெஞ்சைப் பாக்கிற மாதிரி சாய்ச்சு வைங்க. அதுக்குள்ள ஏர்பேக் உக்காந்திருக்கு, மோதினா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள, ஒரு நொடியில இருபதுல ஒரு பங்குக்குள்ள, விரிஞ்சு முடிஞ்சிடும். உயரம் குறைஞ்சவங்க பெடலுக்காக முன்னால வர வேண்டியிருக்கும். அவங்க சீட்டை உயர்த்தி, சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்ச்சு இந்த இடைவெளியை மீட்டுக்கணும்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் கை. ஸ்டீயரிங்கைக் கடிகாரமா நினைச்சா, நம்ம ஊர் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது 10–2. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்துக்கு அது நியாயம். பெரிய வளையம், கனத்த வண்டி, உச்சியிலேருந்து உடம்பு பாரத்தைப் போட்டு இழுத்தாத்தான் சக்கரம் திரும்பும். அம்பாசடரை நின்ன இடத்துல திருப்பினவங்களுக்கு அது புரியும். இங்க 1998 மாடல் கார்லேருந்து முன்பக்க ஏர்பேக் ரெண்டும் கட்டாயம். நம்ம நாட்டுல டிரைவர் பக்கத்து ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையிலதான். ஏர்பேக் விரியும்போது மேலே இருக்கிற கை முகத்துக்கே எறியப்படும். அதனால லைசென்ஸ் குடுக்கிற கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையோட (டிஎம்வி) கையேடு 9–3 அல்லது 8–4னு சொல்லுது. லைசென்ஸ் தேர்வுக்கும் இதையே பழகிக்கோங்க.

9–3ல முழங்கை இயல்பா மடங்கி விலாப்பக்கம் தொங்கும், தோள் உயராது. இப்ப வர்ற வண்டியில குறுக்குக் கம்பியே அந்த இடத்துலதான் இருக்கு, கட்டைவிரல் அது மேல சாயும். வளைவான ரோடு, நெரிசல், மழை எல்லாத்துக்கும் இதுதான். தோள் ஏற்கனவே வலிக்குதுன்னா நேரான ரோட்டுல 8–4க்கு இறக்குங்க. அதுக்கும் கீழ 7–5ல கையைத் தொடை மேல போட்டுக்கிட்டு ஓட்டுறது சுகமாத் தெரியும், திடீர்னு ஒதுங்கணும்னா பாதித் திருப்பம்கூடக் கிடைக்காது. பிடி எவ்வளவு இறுக்கம்னா, எண்ணெய்லேருந்து எடுத்த வெள்ளைப் பணியாரத்தை நசுங்காம தட்டுல வைப்போமே, அவ்வளவுதான். விரல் மூட்டு வெளுத்திருந்தா இறுக்கிப் பிடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஊர்ப் பழக்கம் மூணு உங்க கூடவே விமானம் ஏறி வந்திருக்கும். முதலாவது, ஹாரன் மேலயே கட்டைவிரல். காரைக்குடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டணும்னா அது வேணும்தான், ஆனா அந்தப் பிடியில மணிக்கட்டு உள்பக்கமா மடிஞ்சு, முன்னங்கை ஏர்பேக் மூடி மேலயே படுத்துடும். இங்க பழகினவங்களுக்கு மாசக்கணக்கா ஹாரன் தேவைப்படாது, அதுல எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பெருமையும் உண்டு. ரெண்டாவது, உள்ளங்கை மேல பாக்க வளையத்துக்குள்ள கையை விட்டுத் திருப்புறது. யு-டர்ன் அடிக்க ஸ்டைலா இருக்கும். சக்கரம் ஓரக்கல்லுல இடிச்சு ஸ்டீயரிங் உதறினா மணிக்கட்டு சுளுக்கும். அதுக்குப் பதிலா ஒரு கை மேலே தள்ள, மறு கை கீழே இழுக்க, ரெண்டும் அதது பாதியிலேயே இருக்கட்டும். வேகம் குறைஞ்ச கூர்மையான திருப்பத்துல கை மேல கை போட்டுத் திருப்பலாம், தப்பில்ல. பின்னால எடுக்கும்போது மட்டும் ஒரு கை உச்சியில, திரும்பிப் பாத்துக்கிட்டு.

மூணாவதுதான் உங்க வலது தோள். ஊர்ல வலது கைதான் ஸ்டீயரிங்ல நிரந்தரமா இருந்தது, இடது கை கியருக்கும் வளையத்துக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். இங்க டிரைவர் சீட்டு இடப்பக்கம் வந்தும் அந்த வேலைப் பிரிவினை மாறலை. வலது கை 12ல ஏறி உக்காந்துக்கும், இடது கை வேலையில்லாம கதவு மேல கிடக்கும். இல்லைன்னா வலது முழங்கை நடுப்பெட்டி மேல ஊணி, உடம்பு பூரா வலப்பக்கம் சாயும். ரெண்டு முழங்கைக்கும் ஒரே உயரத்துல தாங்கல் கிடைச்சா ஊணுங்க, தோளைத் தூக்கிவிடுற தாங்கல் இல்லாமலே இருக்கலாம். இடது கைக்கு ஒரு வேலை குடுக்க இண்டிகேட்டர் இருக்கு: நம்ம ஊர்ல பெரும்பாலான வண்டியில அது வலப்பக்கம், இங்க இடப்பக்கம். முதல் மாசம் வெயில்ல வைப்பர் ஓடுற வண்டியைப் பாத்தா உள்ளே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுக்கலாம்.

மரத்துப்போறது எந்த விரல்னு கவனிங்க. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்னா மணிக்கட்டுல நரம்பு நெருக்கப்படுது. உச்சியில மடிச்சு வச்ச கையும் இறுக்கின பிடியும் அதைக் கூட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும்னா முழங்கை. கதவு விளிம்புல ஊணுறதை நிறுத்துங்க. இது ரெண்டு மூணு வாரத்துல குறையலைன்னா, இல்ல தூக்கத்தைக் கலைச்சா, டாக்டரைப் பாருங்க. ‘செலவாகும், ஊருக்குப் போகும்போது பாத்துக்கலாம்’னு தள்ளிப்போடுறது நம்மவங்க கிட்ட இருக்கிற கெட்ட குணம். நரம்புக்கு விசா தேதி தெரியாது. கைவலியோட நெஞ்சு இறுக்கமும் வேர்வையும் வந்தா அது ஸ்டீயரிங் சமாச்சாரமே இல்ல, ஓரமா நிறுத்தி அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடுங்க.

வண்டி மேலயும் ஒரு கண் வைங்க, செகண்ட்ஹேண்டுன்னா கட்டாயம். நேர் ரோட்டுல ஸ்டீயரிங் கோணலா நின்னாலோ, வண்டி ஒரே பக்கம் இழுத்தாலோ, நாள் பூரா அதை எதிர்த்துப் பிடிக்கிறது உங்க கைதான். முதல்ல டயர் காத்து: டிரைவர் கதவைத் திறந்தா கதவு நிலையில ஒட்டின ஸ்டிக்கர்ல எத்தனை பிஎஸ்ஐன்னு இருக்கும், காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னால பாத்து நிரப்புங்க. அப்பவும் இழுத்தா வீல் அலைன்மென்ட். மணிக்கு 60 மைல் வேகத்தைத் தாண்டினதும் ஸ்டீயரிங் நடுங்கினா அது வீல் பேலன்சிங், ரெண்டும் வேற வேற வேலை, ஒண்ணுக்குச் சொன்னா இன்னொண்ணையும் சேத்துத் தலையில கட்டப் பாப்பாங்க. தடித்த ஸ்டீயரிங் உறை வாங்கி மாட்டாதீங்க. தளர்ந்தா வளையம் ஒரு பக்கம், உறை ஒரு பக்கம் சுத்தும். லேன் தாண்டாம தானா திருப்புற வசதி இருந்தா அதோட மல்லுக்கட்டாதீங்க. கையை லேசா வச்சிருந்தும் ‘ஸ்டீயரிங்கைப் பிடி’ன்னு எச்சரிச்சா, ஒரு சின்ன அசைவு குடுங்க, போதும். அதை ஏமாத்த வளையத்துல எடை கட்டித் தொங்கவிடுற மேதாவிகளும் நம்ம ஆட்கள்ல உண்டு. வந்து ஆறு மாசம் ஆகலை, ஏழு பேர் உக்கார்ற எஸ்யூவி, ஒரு கையில காபி, ஒரு விரல்ல ஸ்டீயரிங், கேட்டா ‘நான் மெட்ராஸ் டிராஃபிக்கிலயே ஓட்டினவன்’ம்பாங்க. அவங்ககிட்ட டிரைவிங் பாடம் கேக்காதீங்க.

கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போன காலத்துலேருந்து நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்கு வெளியூர் புதுசில்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினவங்க காரை ஓட்டக் கத்துக்கலை, ஓட்ட ஆள் வச்சாங்க. செட்டிநாட்டு வீட்டு டிரைவர்கள் வெள்ளைத் துண்டை முதுகுக்குப் பின்னால மடிச்சு வச்சு, நிமிர்ந்து, வளையத்தோட ரெண்டு பக்கமும் கை வச்சு ஓட்டின தோரணை இருக்கே, ஏறக்குறைய இன்னைக்குக் கையேடு சொல்ற அதே உக்காரல்தான். கானாடுகாத்தான் தெரு மாதிரி கோடு போட்ட நேர் ரோடு இங்க ஐ-5 நெடுஞ்சாலை. அதுல லாஸ் ஏஞ்சலிஸ் போகணும்னா சுமார் 340 மைல், கை ஒரே நிலையில உறைஞ்சு போக அதைவிட நல்ல இடம் கிடையாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குங்க, தோளைப் பின்னால பத்துத் தடவை சுழட்டுங்க, விரலை விரிச்சு மூடுங்க.

பார்க்கிங்ல நின்ன இடத்துலயே ஸ்டீயரிங்கைத் திருகாதீங்க, வண்டி ஒரு அடி உருளட்டும், பாதி பலம் போதும்.

வீட்டுக்காரங்களும் அதே காரை ஓட்டுவாங்கன்னா, கதவுல 1, 2ன்னு நினைவுப் பட்டன் இருக்கான்னு பாருங்க. இல்லாத வண்டின்னா, சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி, அங்கேருந்து முன்னால இழுக்கும்போது எத்தனை ‘டிக்’ சத்தம் கேக்குதுன்னு எண்ணி வச்சுக்கோங்க. உங்களுக்கு ஒரு எண், அவங்களுக்கு ஒரு எண்.