செயலியை விடுங்கள், சூரியனைக் கேளுங்கள்

"மூன்று செயலிகள் மூன்று திசைகளைக் காட்டுகின்றன, கிப்லாவைத் துல்லியமாக அறிய எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொழும்போது முகம் நோக்க வேண்டிய திசை, அதாவது மக்காவிலுள்ள கஅபா இருக்கும் திசைதான் கிப்லா. புது வீட்டுக்குக் குடிபோயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

செயலியின் கணக்கில் பெரும்பாலும் பிழை இராது. கஅபா இருப்பது வடக்கு அட்சரேகை 21.42, கிழக்குத் தீர்க்கரேகை 39.83 பாகையில்; மீதி கோள முக்கோணவியல். குழப்புவது செல்பேசிக்குள் திசைகாட்டியாக வேலை செய்யும் காந்தமானி. சுவரிலுள்ள கம்பி, காந்தம் வைத்த உறை, ஒலிபெருக்கி என எது அருகில் இருந்தாலும் அது தடுமாறும்.

எங்கள் குடியிருப்பின் தொழுகைக் கூடத்தில் பெண்கள் பகுதிக்கு மிஹ்ராப் (கிப்லாவைக் காட்டும் சுவர் மாடம்) கிடையாது. ஆளுக்கொரு செல்பேசி, ஆளுக்கொரு திசை. மே 28 வரை பொறுங்கள் என்றேன். மே 27, 28 தேதிகளில் சர்வதேச நேரம் (UTC) 9:18க்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 9:27க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நொடியில் வெயில் இருக்கும் எந்த ஊரிலும் சூரியன் நிற்கும் பக்கமே கிப்லா. ஜன்னலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழல் மீது சாக்பீஸால் கோடு போட்டேன். நிழல் நீளும் பக்கத்துக்கு நேர் எதிரே கிப்லா. அவ்வளவுதான் வேலை.

"நீ என்ன ஆலிமாவா, மார்க்கம் கற்றவளா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. தொலைவில் இருப்பவர்களுக்குத் திசை பொதுவாக ஒத்துவந்தாலே போதும் என்பது ஹனஃபி சட்டப்பள்ளியின் நிலைப்பாடு என்பதும் தெரியும். யாருடைய பழைய தொழுகையும் செல்லாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் புதுமை என்று ஒதுக்காதீர்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே வானியல் அறிஞர் நஸீருத்தீன் தூஸி எழுதிவைத்த முறை இது.

நிர்வாகக் குழு என்ன செய்தது தெரியுமா? நான் போட்ட கோட்டுக்கு ஏற்ப விரிப்பைச் சாய்த்துப் போட்டால் ஓரத்தில் துணி வீணாகுமாம். சுவரை ஒட்டியே விரித்துவிட்டார்கள். ஆண்கள் பக்கம் அலங்கார விளக்கு வாங்கியபோது யாரும் இப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் பகுதியில் பாதியை உடைந்த நாற்காலிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இடம் கேட்டால், "வீட்டில் தொழுதால் நன்மை அதிகம்" என்கிறார்கள். சந்தா கேட்கும்போது மட்டும் அந்த நினைவு வருவதில்லை.

விட்டுப்போனது ஒன்று: மே, ஜூலையில் நான் சொன்ன அந்த நேரத்தில் உங்கள் ஊரில் இரவு என்றால், நவம்பர் 28 அன்று சர்வதேச நேரம் 21:09க்குப் பாருங்கள். சூரியன் அப்போது மக்காவுக்கு நேர் மறுபுறம் இருக்கும். நிழல் நீளும் பக்கமே கிப்லா.