ஒற்றையடிப் பாதை முடிந்த பிறகு

அன்புள்ள சார்,

வழிகாட்டியும் கூட்டமுமாக மலையேறி அலுத்துவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்குள் நானும் ஒரு நண்பனும் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். அனுமதி வாங்கியாயிற்று. போனில் மேப் இறக்கி வைத்திருக்கிறோம். எனக்குத் திசையறிவும் நன்றாகவே உண்டு. வேறு என்ன தேவைப்படும்?

ம.

அன்புள்ள ம.,

அந்தத் திசையறிவுதான் என்னை உறுத்துகிறது. எனக்கும் அது இருப்பதாக நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். 2009இல் யான் சௌமனும் அவரது சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் ஆறு பேரை விட்டு நேராக நடக்கச் சொல்லியிருந்தார்கள். வெயில் தெரிந்தபோது நடந்த இருவர் கிட்டத்தட்ட நேராகவே போனார்கள். மேகமூட்டத்தில் நடந்த நால்வரும் வட்டமடித்தார்கள். தான் வந்த தடத்தையே குறுக்கே கடந்தது கூடத் தெரியாமல் நடந்தவர்கள் அதில் உண்டு. ஒரு கால் மற்றதைவிட நீளம், அதனால்தான் சுற்றுகிறோம் என்ற பழைய விளக்கமும் அதோடு அடிபட்டது. ஒரே ஆள் ஒரு சமயம் இடப்பக்கம் திரும்பினார், இன்னொரு சமயம் வலப்பக்கம்.

என் கதை இன்னும் கேவலம். தடம் தெளிவாக இருந்த காட்டிலேயே தொலைந்தேன். போகும்போது பின்னாலிருந்து சாய்வாக வந்து சேர்ந்த கிளைப்பாதை கண்ணில் படவேயில்லை. திரும்பும்போது அதே இடம் கவட்டையாக விரிந்து நின்றது. இரண்டும் ஒரே அகலம், இரண்டிலும் அதே சருகு. பூட்ஸ் தடத்தை மதிய மழை கரைத்துவிட்டிருந்தது. ஒரு பக்கம் இருநூறு அடி எண்ணி நடந்து, முன்பு தாண்டிய விழுந்த மரம் வரவில்லை என்றதும் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

போன் இருக்கட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் வேண்டாம், ஏரோபிளேன் மோடிலும் ஓடும். ஆனால் அடர்ந்த மரக்கூரைக்கும் குறுகலான பள்ளத்தாக்குக்கும் அடியில் அந்த நீலப்புள்ளி தாவும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். காகித வரைபடமும் காம்பஸும் பையில் இருக்கட்டும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் நெருங்கி நிற்கும் இடம் செங்குத்து என்பது மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது பாதையில் நடப்பவருக்கு. மூட்டையோடு புதர் விலக்கிப் போனால் நான் இரட்டிப்பாக வைத்துக்கொள்வேன். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

வழி தவறினால் 'நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம்' என்று பிரிய மட்டும் வேண்டாம். தேடி வருகிறவர்களுக்கு ஒரு வேலை இரண்டாகிவிடும்.

தேடி வருகிறவர்கள் என்றேன். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் உங்கள் அழைப்பு வராவிட்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை யாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? கடிதத்தில் அந்த ஆளைக் காணோமே.